சின்ன வயசுல ரேடியேஷன் எடுத்தீங்களா? அந்தப் பழைய ஃபைலைத் தேடி எடுங்க!

சின்ன வயதில் கேன்சர் வந்து, சிகிச்சை முடிந்து, 'இனி பயமில்லை' என்று டாக்டர் சொல்லிப் பல வருஷம் ஆச்சா? இப்போ படிப்பு, வேலைன்னு ஓடிக்கிட்டிருக்கீங்களா? சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி... அந்த சிகிச்சை ஃபைல் இப்போ எங்கே இருக்கு?

ஏன் கேட்கிறோம்?

ரேடியேஷன், புற்றுநோய் செல்களை அழிக்கும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களையும் பாதிக்கலாம். வளரும் குழந்தைகளின் உடம்பில் இந்த பாதிப்பு அதிகம். ஆனா, உடனே தெரியாது. 10, 20 வருஷம் கழித்துக்கூட எட்டிப் பார்க்கும். கழுத்தில் எடுத்திருந்தால் தைராய்டு, மார்பில் என்றால் இதயம், தலையில் என்றால் வளர்ச்சி ஹார்மோன், நினைவாற்றல் என இடத்தைப் பொறுத்து பிரச்னை மாறும்.

எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

அமெரிக்கா, கனடாவில் சிறுவயது கேன்சரிலிருந்து மீண்டவர்களை 1994-லிருந்து 'சைல்ட்ஹுட் கேன்சர் சர்வைவர் ஸ்டடி' என்ற ஆய்வு பின்தொடர்கிறது. அவ்வப்போது கேள்விகள் அனுப்பி உடல்நிலையை விசாரித்து, பழைய சிகிச்சைக் குறிப்புகளோடு ஒப்பிடுகிறார்கள். 1970 - 86 காலகட்டத்தில் நோய் கண்டறியப்பட்ட 10,397 பேரை ஆராய்ந்ததில், 62.3% பேருக்கு ஏதோவொரு நாள்பட்ட பிரச்னை இருந்தது 2006-ல் தெரியவந்தது.

பயப்படாதீங்க. அந்தக் கணக்கில் ரேடியேஷன் மட்டுமல்ல, கீமோவின் விளைவுகளும் அடக்கம். அதோடு, இப்படிப்பட்ட ஆய்வுகளால் சிகிச்சையும் மாறியிருக்கு. இந்த ஆய்வில் இருப்பவர்களில் 1970-களில் 77% பேருக்கு ரேடியேஷன் கொடுக்கப்பட்டது. 1990-களில் 33% பேருக்குத்தான். அதற்காக, டாக்டர் அவசியம் என்று சொல்லும் ரேடியேஷனைத் தவிர்க்கக் கூடாது. அது உயிர் காக்கும் சிகிச்சை.

நீங்க என்ன பண்ணணும்?

எந்த இடத்தில், எந்த வருஷம், எத்தனை 'கிரே' ரேடியேஷன், என்னென்ன கீமோ மருந்துகள்... இந்த விவரங்கள் உங்க கையில் இருக்கணும். உதாரணமா, மார்பில் 10 கிரே அல்லது அதற்கு மேல் எடுத்த பெண்கள், 25 வயதிலிருந்து அல்லது சிகிச்சை முடிந்த 8 வருஷத்திலிருந்து (எது பின்னால் வருகிறதோ அப்போதிருந்து) வருஷா வருஷம் மார்பகப் பரிசோதனை செய்யணும் என்கிறது அமெரிக்காவின் 'சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப்' வழிகாட்டுதல். அந்த 'கிரே' கணக்கு தெரியாம டாக்டரால் எப்படி முடிவு பண்ண முடியும்?

இன்னிக்கே அம்மாகிட்ட கேளுங்க. பீரோவுக்குள் இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து போனில் சேமிங்க. இல்லையென்றால், சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் சுருக்கக் குறிப்பு கேளுங்க. அடுத்த முறை எந்த டாக்டரைப் பார்த்தாலும், முதலில் அதைக் காட்டுங்க!