கம்பியைப் பார்... காசைக் கொடு!

பெர்லினுக்கு ஆபீஸ் வேலையாகப் போகிற நம்ம பையன்களை முதல் மூன்று நாள் ஊறுகாய் பாட்டில் காப்பாற்றும். நாலாம் நாள் சாயங்காலம் குளிரில் நடக்கும்போது, தெருமுனையில் கறி வாட்டுகிற வாசனை வந்து சட்டையைப் பிடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கம்பி நட்டுக்கு நிற்க, அதில் குத்தின கறி நெருப்பு முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும். அதுதான் டோனர் கபாப். துருக்கி மொழியில் 'டோனர்' என்றால் 'சுற்றுவது'.

உடனே நுழைந்துவிடாதீர்கள். வெளியே நின்று கம்பியைப் பாருங்கள். பெர்லினில் இருந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஜோசியம் இது. மெனு படிக்க ஜெர்மன் தெரியணும். கம்பியைப் படிக்கக் கண் இருந்தால் போதும்.

நல்ல கம்பியில் கறி அடுக்கு அடுக்காகத் தெரியும். ஓரமெல்லாம் மேடும் பள்ளமுமாக, நடுநடுவே கொழுப்பு கோடு போட்டிருக்கும். இதை 'யப்ராக்' என்கிறார்கள். இலை என்று அர்த்தம். அப்படியில்லாமல் தச்சர் இழைப்புளி போட்ட மாதிரி வழவழவென்று உருளையாக இருந்தால், அது அரைத்த கறியைப் பிசைந்து அழுத்தியது. சீவினால் ரிப்பன் ரிப்பனாக விழும். பசிக்குப் பழுதில்லை. ஆனால், 2024-லேயே பல கடைகளில் ஒரு டோனர் 7 யூரோவைத் தொட்டாச்சு. பேட்டா காசில் எண்ணியெண்ணிச் சாப்பிடுகிறவன் ரிப்பனுக்கா அதைக் கொடுப்பான்?

ஜெர்மன்காரர்கள் இதற்கும் விதிமுறை எழுதி வைத்திருக்கிறார்கள் (எதற்குத்தான் எழுதவில்லை!). டோனர் கபாப் என்று விற்றால் மாடு, கன்று அல்லது ஆட்டுக்கறியாக இருக்கணும். அரைத்த கறி 60 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. மாவு கீவு சேர்த்தால் பெயரை மாற்றிவிடணும். அதனால்தான் சில போர்டுகளில் 'ட்ரேஷ்பீஸ்' என்று இருக்கும். 'சுற்றும் கம்பி' என்று பொருள். கம்பிக்கு காரண்டி, கறிக்கு இல்லை!

அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு விமானம் ஏறியவர்களுக்கு இன்னொரு சிக்கல். பெர்லினில் வெறுமனே டோனர் என்று கேட்டால் பெரும்பாலும் மாடு அல்லது கன்றுதான். 'ரிண்ட்' மாடு, 'கால்ப்' கன்று, 'லாம்' ஆடு, 'ஹென்ஷன்' கோழி. மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். என்னோடு வந்த மதுரைக்காரர் ஒருவர் வார்த்தை மறந்துபோய், இரண்டு கையையும் சிறகாக அடித்துக் காட்டினார். கடைக்காரர் சிரிக்கவே இல்லை. தலையில் விரலைக் கொம்பாக வைத்து, "நோ?" என்றார். "நோ, நோ!" என்றார் மதுரை. பேரம் முடிந்தது.

1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு மேற்கு ஜெர்மனி ஆள் எடுத்தது. அப்படித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களோடுதான் இந்தக் கம்பியும் வேரூன்றியது. தட்டில் சாப்பிடுகிற டோனரை ரொட்டிக்குள் திணித்து, கையில் பிடித்துத் தின்ன வைத்தவர் காதிர் நுர்மான், 1972-ல், பெர்லின் ஸூ ஸ்டேஷன் பக்கத்தில் என்று சொல்வார்கள். 'இல்லை, நான்தான்' என்று சொன்னவர்களும் உண்டு. (நம்ம ஊரில் பரோட்டாவுக்கு இல்லாத தகராறா?)

ஆர்டர் கொடுக்க 'மிட் அல்லெஸ்' என்றால் போதும். எல்லாம் போட்டு என்று அர்த்தம். இலக்கணப்படி தப்பு, 'அல்லெம்' என்று வரணும். ஆனால் கடையில் இலக்கணம் பேசினால் பின்னால் நிற்கிறவர் முறைப்பார். கூடவே 'ஷார்ஃப்' என்று சேருங்கள். காரம்!

சம்பளம் வந்த வாரம் மட்டும் டோனரை விட்டுவிட்டு, க்ராய்ஸ்பெர்க் பகுதியில் 'ஓஜாக்பாஷி' என்ற போர்டைத் தேடுங்கள். நம்ம பாஷையில் அடுப்படி. கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணெதிரே சுட்டதைச் சாப்பிடலாம். 'அடானா' கேளுங்கள். ஆட்டுக்கறியும் வால் கொழுப்பும் மிளகாயும் சேர்த்து, பட்டையான கம்பியில் அப்பிச் சுடுவது. காரம் வேண்டாதவர்களுக்கு 'உர்ஃபா'. 'இதுவும் கொத்துக்கறிதானே?' என்று மடக்காதீர்கள். முறையாகச் செய்கிற இடத்தில் பிறை மாதிரி வளைந்த பெரிய கத்தியால் கையாலேயே கொத்துவார்கள், மிஷினுக்கு வேலையில்லை. கொழுப்பு சொட்டிக் கரி புஸ்ஸென்று சீறும். அந்தச் சொட்டை ரொட்டியில் ஒற்றி ஒற்றியெடுத்து, அதை உங்கள் பக்கம் நகர்த்துவார் பாருங்கள்... கபாப் வருவதற்குள் ரொட்டி காலி!