ஓஎல்இடியா, எல்சிடியா? முதலில் ஹாலைப் பாருங்கள்

ஓஎல்இடி டிவியில் கறுப்பு ஏன் அவ்வளவு கறுப்பாக இருக்கிறது? அதன் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது; கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்தே விடுகிறது. எல்சிடியில் பின்னால் எரியும் எல்இடி வெளிச்சத்தைத் திரவப் படிகங்கள் மறைக்கின்றன; முழுதாக மறைக்க முடிவதில்லை. இருட்டறையில் இரவுக் காட்சி ஓடும்போது அந்தக் கசிவால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். (கியூஎல்இடி என்று விற்பதும் பெரும்பாலும் குவாண்டம் புள்ளிப் படலம் சேர்த்த எல்சிடிதான், பெயரில் மயங்க வேண்டாம்.)

அப்படியானால் ஓஎல்இடியே மேல் என்று முடித்துவிடலாமா? ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும் ஹாலில் எந்தக் கறுப்பும் வெளிறிவிடும். அங்கே வெல்வது பிரகாசம். அதைக் குறைந்த விலையில் தருவது எல்சிடி. குறிப்பாக, பின்விளக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து வேண்டிய இடத்தில் மட்டும் மங்கச் செய்யும் மினி எல்இடி வகை. ஓஎல்இடியின் பிரகாசமும் கூடிவிட்டதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அதிலுள்ள கரிமப் பொருள் ஒளிர ஒளிரத் தேயும். நாள் முழுக்கச் செய்தி ஓடும் வீட்டில், மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் லோகோ ஆண்டுக்கணக்கில் தடமாகப் பதிந்துவிடலாம். படத்தை லேசாக நகர்த்தும் ஏற்பாடுகள் இதைத் தள்ளிப்போடும், அடியோடு தடுக்காது. விளக்கணைத்துப் படம் பார்ப்பவர் ஓஎல்இடி வாங்கலாம். பகலெல்லாம் சீரியலும் செய்தியும் ஓடும் வெளிச்சமான ஹாலுக்கு மினி எல்இடிதான் சரி.