கம்பியில்லாக் கேள்வி

'கேள்வி' என்னும் சொல்லுக்கு வினாவுதல் ஒன்றே பொருள் என இக்காலத்தார் பலர் எண்ணுகின்றனர். கேட்டு அறிதல் என்பதும் அதன் பழம்பொருளாம். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி' எனப் பெயர் பெற்றதும் இப்பொருள் பற்றியே. பாகூரிற் கிடைத்த நிருபதுங்கவர்மனுடைய செப்பேடுகள், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றமையைக் கூறுகின்றன. அக்காலத்து மாணாக்கர் கற்றதும் பெரும்பாலும் செவிவழியேயாகும். இன்று அதே பாகூர்ப் பகுதியினின்று நாடோறும் பேருந்தில் வரும் என் வகுப்பு நண்பர் ஒருவரும் செவிவழியே கற்கின்றார். அவர் பிறவியிலேயே கண்ணொளி பெறாதவர். அவர்பொருட்டு யான் ஆராய நேர்ந்த ஒரு சிறு கருவியைப் பற்றியதே இக்கட்டுரை.

அவரிடம் உள்ளங்கை அளவினதாகிய டெய்சி பிளேயர் ஒன்று உண்டு. பார்வையற்றோர்க்கென ஆக்கப்படும் பேசும் நூல்களைப் படித்துக் காட்டுவது அது, பாட்டுகளையும் இசைக்கும். 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகத்தினின்று பெற்ற நூல்களோடு, வகுப்பு நண்பர்களாகிய நாங்கள் மாறி மாறி வாசித்துப் பதிவு செய்த இலக்கணப் பாடங்களும் அதனுள் உள்ளன. இக்காலத்துக் கைப்பேசியே போதாதோ என்று சிலர் வினவலாம். கைப்பேசியின் முகப்பு வழுவழுப்பான கண்ணாடி. பிளேயரிலோ விரல் தடவி அறியத்தக்க மேடான பொத்தான்கள் உள. அவ்வேறுபாட்டின் அருமையைக் கண்ணுடையார் எளிதில் உணரார்.

இடர் விளைத்தது ஹெட்போனின் கம்பியே. ஒரு கையில் வெண்கோல், மறு தோளிற் பை, கூட்டம் நெருங்கும் பேருந்து! இந்நிலையிற் காதினின்று சட்டைப்பைக்கு இறங்கும் கம்பி யாருடைய கையிலேனும், கூடையிலேனும் சிக்காத நாள் இல்லை. ஒருநாள் இறங்கும்போது கம்பி இழுபட்டு, பிளேயர் படிக்கட்டில் வீழ்ந்தது. நல்வினையால் அஃது உடையவில்லை. பின்னர் அவர் அக்காள் புளூடூத் ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்தார். ஆயின் பிளேயரில் புளூடூத் இல்லை. ஒன்றன் மொழியை மற்றொன்று அறியாத இருவர்போல அவை கிடந்தன. இவ்விரண்டையும் இணைப்பதே கம்பியில்லா அடாப்டரின் தொழில்.

முதலில் யாங்கள் ஏமாந்த கதையைக் கூறிவிடுகின்றேன். நகரத்துக் கடை ஒன்றில் 'புளூடூத் அடாப்டர்' என்று கேட்டு 400 ரூபாய்க்கு வாங்கி வந்தோம். இரண்டு நாள் முயன்றும் ஓசை பிறக்கவில்லை. எங்கள் கருவி ரிசீவர் என்பது பின்னரே விளங்கிற்று. கைப்பேசியினின்று வரும் ஒலியை வானொலி அலையாக ஏற்றுக் காரின் ஒலிபெருக்கிக்கோ பழைய ஸ்பீக்கருக்கோ கொடுப்பது ரிசீவர். பிளேயரின் ஒலியை வாங்கி அலையாக வெளிவிடுவது டிரான்ஸ்மிட்டர். உருவில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; இரண்டு முனையுமுடைய கம்பியும் ஒன்றே; தொழிலோ ஒன்றற்கொன்று நேர்மாறு. சில கருவிகளில் இரு தொழிலும் உண்டு. பக்கத்திலுள்ள சிறு விசையை 'டிஎக்ஸ்' என்னும் பக்கம் தள்ளின் அனுப்பும், 'ஆர்எக்ஸ்' என்னும் பக்கம் தள்ளின் வாங்கும். வாங்குவோர் இதனைக் கடையிலேயே கேட்டுத் தெளிக.

இனி இக்கருவி செயற்படுமாறு. பிளேயரிலுள்ள பாட்டும் பாடமும் எண்களாகவே பதிந்திருக்கின்றன. அவை மின்னலைகளாக மாறி, ஹெட்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை வழியே வெளிப்படுகின்றன. துளையிற் செருகப்பட்ட டிரான்ஸ்மிட்டர் அம்மின்னலையை ஒரு நொடிக்கு 44,100 முறை அல்லது 48,000 முறை அளந்து, மீண்டும் எண்களாக்கி, எஸ்.பி.சி. முதலிய முறைகளுள் ஒன்றாற் சுருக்கி, சிறு சிறு பொட்டலங்களாக வானொலி அலையில் ஏற்றுகின்றது. ஹெட்போன் அப்பொட்டலங்களைப் பிரித்து மறுபடியும் மின்னலையாக்கிச் செவிக்கு ஒலியாகத் தருகின்றது. மொழிபெயர்ப்பினின்று மீண்டும் மொழிபெயர்த்த நூல்போல, ஒலி இவ்விடத்துச் சிறிது நயம் குன்றுதல் இயல்பே. வீணையின் நுண்ணிய கமகங்களைக் கேட்பார் அதனை உணரக்கூடும். பாடம் கேட்பார்க்கு அக்குறை தோன்றுவதில்லை.

அவ்வலைகள் செல்லும் முறை மிக வியப்புடையது. புளூடூத்துக்கு உரிய இடம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அவ்விடத்தையே பயன்படுத்துகின்றன. ஆதலின் அது சந்தைக்கடை போன்றது. அச்சந்தையில் ஓரிடத்தில் நின்று பேசினாற் பேச்சு அமிழ்ந்துபோம். அதனால் ஒலியை அனுப்பும் இம்முறையில் 79 வழிகளை வகுத்து, நொடிக்கு 1,600 முறை வரை வழிவிட்டு வழி தாவுமாறு அமைத்தனர். தாவும் ஒழுங்கு இணைந்த இரு கருவிகளுக்கு மட்டுமே தெரியும். இத்தகைய தாவலைத் திரைப்பட நடிகை ஹெடி லமார் என்பாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல் என்பாரும் 1942ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிற் பேடன்ட் செய்திருந்தனர். அவர்கள் கருதியது பாட்டன்று, நீர்மூழ்கிக் குண்டு! புளூடூத் என்பதோ பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்தோரை ஒன்றுபடுத்தினான் என்பதுபற்றி, 1990களில் இம்முறையை வகுத்தோர் அவன் பெயரை இதற்கு இட்டனர்.

கம்பியில்லாத் தொடர்பு இல்லாத பொருளுக்கு அதனை ஒட்டவைத்துப் பயன்கொள்ளுதல் நம் பகுதியார்க்குப் புதிதன்று. 1998ஆம் ஆண்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு சிற்றூர் அறிவு மையங்களைத் தொடங்கிற்று. கீழூர், எம்பலம் முதலிய ஊர்களுக்குத் தொலைபேசிக் கம்பியை மட்டும் நம்புதல் இயலாமையின், பேசுதற்கென்றே அமைந்த வி.எச்.எப். வானொலிக் கருவிகளைக் கணிப்பொறியோடு பொருத்தி, எழுத்துச் செய்தியும் செல்லுமாறு செய்தனர். வீராம்பட்டினத்து மீனவர்க்குக் கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு இவ்வாறே வந்து ஒலிபெருக்கியில் முழங்கிற்று. அங்குப் பேச்சுக்கருவி எண்களைச் சுமந்தது. இங்கு எண்களின் கருவி பேச்சைச் சுமக்கின்றது. அங்கு ஊர் முழுதும் கேட்டது. இங்கு ஒருவர் மட்டுமே கேட்கின்றார். இணைக்கும் கலை ஒன்றேயாம்.

நிற்க. சரியான டிரான்ஸ்மிட்டர் கிடைத்த பின்னரும் எங்கள் தொல்லை தீரவில்லை. முதன்முறை இரு கருவிகளையும் ஒன்றையொன்று அறியச் செய்தல் வேண்டும். இதனைப் பேரிங் என்பர். பொத்தானைச் சில நொடி அழுத்தினால், தேடுங்காலத்து விளக்கு விரைந்து மின்னும். இணைந்தபின் நின்று எரியும். கருவி தன் நிலையைத் தெரிவிக்கும் வழி அவ்விளக்கு ஒன்றே. அதனைக் காண இயலாதவர் என்செய்வர்? பெட்டியிலிருந்த தாளில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. நண்பரே வழி கண்டார். அவருடைய ஹெட்போன், இணைந்தவுடன் ஆங்கிலத்தில் 'கனெக்டெட்' என்று கூறும். ஆதலின் டிரான்ஸ்மிட்டரின் விளக்கை மறந்து, ஹெட்போனின் குரலையே சான்றாகக் கொண்டார். முதலில் ஹெட்போனை இயக்குவார். பின் டிரான்ஸ்மிட்டரின் பொத்தானை அழுத்தி மனத்துள் ஐந்து எண்ணுவார். பின் குரலுக்காகக் காத்திருப்பார். அருகில் அக்காளின் கைப்பேசி இருந்தால் ஹெட்போன் அதனோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதன் புளூடூத்தை முன்னரே அணைத்துவிடச் சொல்வார். ஒருமுறை இணைந்த கருவிகள் பெரும்பாலும் மறுமுறை தாமே ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. பொத்தானின்மேல் அவர் இட்ட ஒரு துளிப் பசை உலர்ந்து மேடாகி, விரலுக்கு அடையாளமாயிற்று.

மற்றொரு குறை, நேரத்தைப் பற்றியது. அளத்தல், சுருக்குதல், அனுப்புதல், விரித்தல் ஆகிய இவற்றால், பிளேயரிற் பிறந்த ஒலி செவியை அடைய ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு வரை தாழ்க்கும். பாட்டுக் கேட்பார்க்கு இத்தாழ்வு ஒன்றுமன்று. படம் பார்ப்பார்க்கு வாயசைவும் சொல்லும் பொருந்தா. ஆனால் என் நண்பர்க்கு நேர்ந்த இடையூற்றை யான் எதிர்பார்க்கவேயில்லை. பிளேயர் ஒவ்வொரு பொத்தானுக்கும் நூலின் பெயரையும் இயலின் பெயரையும் சொல்லும். அதனைக் கேட்டே அவர் மேற்செல்வார். சொல் சிறிது தாழ்த்து வரவே, அழுத்தியது படவில்லை என்று கருதி மீண்டும் அழுத்துவார். எழுத்ததிகாரம் தேடியவர் சொல்லதிகாரத்திற் போய் நிற்பார்! அனுப்பும் கருவி, கேட்கும் கருவி இரண்டிலும் தாழ்வு குறைந்த ஆப்டெக்ஸ் முறை இருப்பின் இவ்விடர் மிகக் குறையும். ஒன்றில் மட்டும் இருத்தல் பயனில்லை. அவருடைய ஹெட்போனில் அஃது இல்லை.

வேறு சிலவும் அனுபவத்தால் அறிந்தோம். பிளேயரின் ஒலியளவை முழுதும் ஏற்றினால் டிரான்ஸ்மிட்டருள் ஒலி கரகரக்கும். முக்கால் அளவில் நிறுத்தி, எஞ்சியதை ஹெட்போனில் ஏற்றுதல் நன்று. பத்து மீட்டர் வரை அலை எட்டும் என்பர். ஆயினும் மனித உடலிலுள்ள நீர் இவ்வலையை உறிஞ்சுதலின், கருவி வலப் பையிலும் அலை வாங்கும் பகுதி இடச் செவியிலும் இருப்பின் இடையிடையே ஒலி அறும். மேலும், மின்னேற்ற வேண்டிய பொருள் இரண்டாயிருந்தது இப்போது மூன்றாயிற்று.

நண்பர் இப்போது இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கின்றார். பேருந்தில் ஏறுமுன் வேண்டிய பாடத்தைக் கம்பி ஹெட்போனாலேயே தேடி வைத்துக்கொண்டு, பின்னர் டிரான்ஸ்மிட்டரைச் செருகுகின்றார். ஒரு செவியைப் பாடத்திற்கும் மற்றொரு செவியைச் சாலைக்கும் விடுகின்றார். பாகூரினின்று கல்லூரி வந்து சேர்வதற்குள் ஓர் இயல் முடிந்துவிடுகின்றது. சென்ற வாரம் யான் பதிவு செய்த பகுதியில் ஒரு சூத்திரத்தைப் பிழையாக வாசித்திருந்தேன். வகுப்பில் எல்லோர் முன்னும் அதனைத் திருத்தியவர் அவரே.