மேசை மேல் ஒரு கண்ணாடிக் குழாய்

அனுப்பம்பட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நெல் அறுக்கப் போன தம்பியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் வைத்துவிட்டார்களாம். “20 நிமிஷம் அதை யாரும் தொடவே இல்லை. உயிர் போகிற நேரத்தில் இப்படியா?” தம்பி பிழைத்துவிட்டார், அக்காவுக்கு மனம் ஆறவில்லை.

அம்மா, அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான்.

விரியன் விஷம் ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். அது செய்வது ரத்தத்தை உறையவைப்பது! பழவேற்காட்டில் கிழிந்த வலை தைப்பவர்கள் அருகே சிறுவயதில் உட்கார்ந்திருக்கிறேன். கிழிசலுக்கு மட்டுமே நூல் போகும். உடம்பும் அப்படித்தான்; ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன், காயம்பட்ட இடத்தில் மட்டும் நூலாகி வலை பின்னும். விரியன் விஷமோ 10ஆம், 5ஆம் உறைவுக் காரணிகளை உடம்பெங்கும் முடுக்கிவிடுகிறது. கிழியாத இடத்திலெல்லாம் நூல் செலவாகிறது. வேலை முடிந்த வலையைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி, இந்த வீண் வலைகளையும் கரைத்துத் தள்ளுகிறது. சில மணி நேரத்தில் நூல்கண்டு காலி. பிறகு ஈறில் கசியும் ரத்தம்கூட நிற்காது.

1934இல் லண்டனில் மாக்ஃபார்லேன், பார்னெட் என்ற ஆய்வாளர்கள் இதே விஷத்தை வெகுவாக நீர்க்கச் செய்து, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில் வைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. காயத்தின் மேல் துளி பட்டால் கட்டுகிற விஷம்தான், உடம்புக்குள் ஏறினால் கட்டும் சக்தியையே தீர்த்துவிடுகிறது.

இனி அந்தக் குழாய். பாம்பு விஷம் இறக்காமல் கடிப்பதும் உண்டு. விஷமுறிவு மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். அதனால் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கண்ணாடியைத் தொட்டாலே ரத்தம் உறையத் தொடங்கும். 2 மில்லி ரத்தம் 20 நிமிடம் கழித்துச் சாய்த்தும் ஓடினால், நூல் தீர்ந்துவிட்டது. மருந்து உடனே ஏற வேண்டும். மருந்து விஷத்தை அடக்கும். புது நூலைக் கல்லீரல்தான் செய்யவேண்டும். அதற்குச் சுமார் 6 மணி நேரம் ஆகும். அதன்பின் மறுபடியும் குழாய்ச் சோதனை.

குழாய் புதியதாக, உலர்ந்ததாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் ஆகாது. விஷமுறிவு மருந்து செய்யத் தேவையான விஷத்தை, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிரைப் பணயம் வைத்து எடுத்துத் தருகிறார்கள். சில ரூபாய்க் கண்ணாடிக் குழாயை நாம் வாங்கி வைக்கக் கூடாதா?

கடிவாயைக் கீறி ரத்தம் வடியவிடும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுவோம். நூல் தீர்ந்த உடம்பில் நாம் போடும் கிழிசலை எதைக் கொண்டு தைப்பது? இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட காலை அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மேசையில் குழாயைக் காணோமென்றால், கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.