அப்பாவுக்கு வசனம் புரியணும்: ஒரு ஹோம் தியேட்டர் அறையின் கணக்கு

போன வருஷம் ஆடி மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வால்யூம் 46. ரெண்டு வீடு தள்ளி நின்றாலே என்ன படம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். "ஏனுங்கப்பா, இவ்வளவு சத்தமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "சத்தமெல்லாம் நல்லாத்தாங் கண்ணு கேக்குது. என்ன பேசறாங்கன்னுதான் தெரியமாட்டேங்குது" என்றார்.

அமராவதி நகரில் பழைய ஓட்டு வீட்டை எடுத்துவிட்டுப் புது வீடு கட்டத் தொடங்கியிருந்த நேரம் அது. மாடியில் 20 அடிக்கு 12 அடியில் ஒரு அறை. "அதை ஹோம் தியேட்டரா மாத்திடலாம்" என்பது என் பல நாள் ஆசை. நிஜத்தைச் சொல்லணும்னா ஆசை எனக்கு, அப்பா பேர் ஒரு சாக்கு. ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மொத்தத் திட்டத்தையும் திருப்பிப் போட்டுவிட்டது. நான் ஒலியியல் படித்தவன் இல்லை, சாஃப்ட்வேரில் பிழை தேடுகிறவன். ஆறு மாசம் படித்து, அளந்து, தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தறியும் காதும்

அப்பா பல்லடம் பக்கம் 31 வருஷம் தறி ஓட்டியவர். நாடா அடிக்கிற பழைய விசைத்தறிகள் இருக்கும் கூடத்தில் சத்தம் சர்வசாதாரணமாக 95 முதல் 100 டெசிபல் வரை போகும். தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்யும் அமெரிக்காவின் நயாஷ் நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிஷம். அப்பா செய்தது 12 மணி நேர ஷிப்ட், காதில் பஞ்சுகூட வைக்காமல்.

இப்படிக் கெடும் காது எல்லாச் சுருதியிலும் ஒரே மாதிரி கெடுவதில்லை. முதலில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிதான் போகும். ஆடியோகிராம் எடுத்தால் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் தெரியும். அப்பாவுக்கும் அதேதான். வயசாகும்போது மேல் சுருதிகள் தானாகவே குறையும், அதுவும் சேர்ந்துகொண்டது.

இதற்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு? நாம் பேசும்போது உயிரெழுத்துகளின் பெரும்பகுதி ஆற்றல் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. பேச்சின் "சத்தம்" அங்கேதான். ஆனால் கடை, சடை, தடை, படை என்ற நாலு சொற்களையும் பிரித்துக் காட்டுவது முதல் மெய்யின் சின்ன வெடிப்பும் உரசலும்தான். அவை ஒரு நொடியில் சில பத்து மில்லிசெகண்ட் மட்டுமே இருப்பவை, ஆற்றலும் ரொம்பக் குறைவு. "சடை"யின் தொடக்கத்தில் வரும் அந்த "ஸ்" சத்தத்தின் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வல்லினம் என்று இலக்கணத்தில் பேர், கேட்கும் காதுக்கோ அதுதான் மெலிந்த சரக்கு. அப்பாவுக்கு நாலு சொல்லுமே "...டை" என்றுதான் வந்து சேர்கிறது.

வால்யூமைக் கூட்டினால் ஏன் தீரவில்லை என்பதும் இப்போது புரிந்தது. கூடுவது ஏற்கனவே கேட்கிற தாழ்சுருதிதான். போதாததற்கு இந்த வகைக் காது பலத்த சத்தத்தைச் சட்டென்று மிகப் பலமாக உணரும். சண்டைக் காட்சி வந்தால் அப்பா ரிமோட்டைத் தேடுவார். வசனம் வந்தால் மறுபடியும் தேடுவார்.

கொட்டேஷன் சொன்னதும் சொல்லாததும்

ஹோம் தியேட்டர் போட்டுத் தருகிற ஒருவர் வந்து பார்த்தார். 11 ஸ்பீக்கர், கூரையில் 4, ரெண்டு சப்வூஃபர், எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்தை ஒட்டி ஒரு கொட்டேஷன். அறையின் சுவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நானும் கேட்கவில்லை. "அட்மாஸ்" என்ற ஒரு வார்த்தையிலேயே மயங்கிப்போயிருந்தேன்.

அட்மாஸ் நல்ல தொழில்நுட்பம்தான். 2012 டிசம்பரில் "சிவாஜி" 3டியாக வந்தபோது இந்தியாவில் அட்மாஸ் ஒலியோடு வந்த முதல் படம் அதுதான். ஆனால் என் கேள்வி வேறு. வசனம் எங்கிருந்து வருகிறது? 5.1 ஒலியமைப்பில் வசனத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வரும். சாதா டிவியில் அந்த நடு ஒலியைப் பிரித்து இடது, வலது இரண்டிலும் கலந்துவிடுகிறார்கள். அங்கே ஏற்கனவே இசையும் இடிச்சத்தமும் இருக்கிறது. டிவியின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். நேராக வராமல் சுவரில் பட்டு வருகிறது.

ஆக அப்பாவுக்குத் தேவை 11 ஸ்பீக்கர் இல்லை. நல்ல சென்டர் ஸ்பீக்கர் ஒன்றும், அதன் பேச்சைக் கெடுக்காத ஒரு அறையும். 5.1 போதும் என்று முடிவு செய்தோம். கூரைக்கு வயர் போகப் பைப் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். ஆசையை முழுசா விடவும் முடியலை.

அறையின் நீளமும் தாழ்சுருதியும்

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில சுருதிகள் மட்டும் தேங்கி நிற்கும். கண்டுபிடிக்க எளிய கணக்கு: ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1130 அடி. அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் முதல் சுருதி. அதன் மடங்குகளெல்லாம் அடுத்தடுத்தவை.

20 அடி நீளத்துக்கு 28, 56.5, 85 ஹெர்ட்ஸ். 12 அடி அகலத்துக்கு 47, 94. 10 அடி உயரத்துக்கு 56.5, 113. நீளத்தின் இரண்டாவதும் உயரத்தின் முதலாவதும் ஒரே இடத்தில் விழுகின்றன. நீளம் உயரத்தின் சரியாக இரண்டு மடங்கு, அதனால் வந்த வினை. 56 ஹெர்ட்ஸ் அருகே அறை "கும்"மென்று முழங்கும். அந்த முழக்கம் ஆண் குரல்களையும் மூடும்.

பூச்சு வேலைக்கு முன்னாடி தெரிந்தது நல்லதாப் போச்சு. கொத்தனாரிடம் பின்பக்கம் 3 அடி விட்டு ஒரு சுவர் எழுப்ப முடியுமா என்று கேட்டேன். "கீழ பீம் போகுதுங்க தம்பி, எழுப்பலாம். ஆனா எதுக்குங்க நல்ல ரூமைக் கெடுக்கறீங்க?" என்றார். கணக்கைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். இப்போது நீளம் 17 அடி. சுருதிகள் 33, 47, 56.5, 66.5, 94, 100, 113 என்று பரவி நிற்கின்றன. அந்த 3 அடி இடத்தில் ஆம்ப்ளிஃபயர், யுபிஎஸ், அம்மாவின் பழைய பித்தளைப் பாத்திரங்கள்.

எதிரொலியை எண்ணுவது

பேச்சைக் கெடுப்பதில் முதல் இடம் எதிரொலிக்கு. முந்தின அசையின் வால் அடுத்த மெய்யெழுத்தின் மேல் விழுந்து மூடிவிடும். இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் வாலஸ் சாபின். 1895-ல் ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேசினால் யாருக்கும் புரியவில்லை. சரி செய்யும் வேலை இளம் இயற்பியல் ஆசிரியரான அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம்தான் இன்றும் புழங்குகிறது: அறையின் கன அளவை 0.049-ஆல் பெருக்கி (அடிக் கணக்கில்), மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். சின்ன அறைக்கு இது துல்லியமில்லை, திட்டம் போடப் போதும்.

எங்கள் அறை 17 × 12 × 10 = 2040 கன அடி. 0.049-ஆல் பெருக்கினால் 100. கணக்குப் போட வசதியான எண். டைல்ஸ் தரை, பூசிய சுவர், ஒரு ஜன்னல், கதவு எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது சுமார் 40 சதுர அடிக்குச் சமம். 100-ஐ 40-ஆல் வகுத்தால் 2.5 நொடி. பேச்சுக்கு நான் வைத்த இலக்கு 0.4 நொடி. அதற்கு 250 வேண்டும். சோபாவும் மூன்று பேரும் 40, தரை விரிப்பு 15, மடிப்பு விட்ட கனமான திரை 25. இருக்கிற 40-உடன் சேர்த்து 120. மீதி 130 சுவரிலும் கூரையிலும் பதிக்கும் பலகைகளிலிருந்து வர வேண்டும். 4 அடிக்கு 2 அடிப் பலகை ஒன்று பேச்சுச் சுருதிகளில் சுமார் 7.2 தரும். 18 பலகை.

பனியன் துணியும் பனியன் வேஸ்ட்டும்

திருப்பூர்க்காரனுக்கு வரும் முதல் யோசனை எனக்கும் வந்தது. மூட்டை மூட்டையாக பனியன் வேஸ்ட் கிடைக்கிறதே, அதைச் சட்டத்துக்குள் அடைத்தால்? ஒலியளவில் தப்பே இல்லை. ஒலியலை நார்களுக்கு இடையே நுழைந்து உரசி வெப்பமாகிறது, பஞ்சு அதை நன்றாகவே செய்யும். ஒரு சட்டத்தை அடைத்தும் பார்த்தேன். அப்புறம் ஒரு கைப்பிடி எடுத்து வாசலில் வைத்துத் தீக்குச்சி உரசினேன். அத்தோடு அந்த யோசனை முடிந்தது. மின் வயர் ஓடும், ஒரே கதவுள்ள, காது கேளாத ஒருவர் தனியாக உட்காரும் அறை அது. கல்லை உருக்கி இழைத்த ராக் வூல் எரியாது. 2 அங்குல கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. அதைத்தான் வாங்கினோம். வெட்டும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம், இல்லாவிட்டால் ரெண்டு நாளைக்கு அரிக்கும்.

ஆனால் மேலே போர்த்தும் துணிக்கு நம்ம ஊர்ச் சரக்கை மிஞ்சியது இல்லை. காற்று புகும் துணியாக இருக்கணும், இல்லாவிட்டால் மேல் சுருதி துணியிலேயே பட்டுத் திரும்பிவிடும். சோதனை எளிது: துணியை வாயில் வைத்து ஊதணும், தடையில்லாமல் காற்று போகணும். சிங்கிள் ஜெர்சி பனியன் துணி பாஸ். ரெக்சின் ஃபெயில். இழுத்துக் கட்டச் சுருக்கமும் விழாது. பழக்கமான கம்பெனியில் அடர் நீலத்தில் மிச்சம் கிடந்த ரோல் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது.

6 பலகை பக்கச் சுவர்களில், 6 கூரையில், 6 பின்சுவரில். பக்கச் சுவரில் எங்கே? அப்பா நாற்காலியில் உட்கார, அம்மா ஒரு கண்ணாடியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டே போனார். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டு வருகிறது. அங்கே பலகை.

மற்ற சில கணக்குகள்

நாற்காலியிலிருந்து திரை 10 அடி. கண்ணில் 30 பாகைக் கோணம் பிடிக்க 75 அங்குல டிவி போதும். புரொஜெக்டர் வேண்டாம் என்றேன், அதன் விசிறிச் சத்தமும் வசனத்துக்கு எதிரிதான். இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து 30 பாகை, பின் ஸ்பீக்கர்கள் 110 பாகை, சென்டர் டிவிக்குக் கீழே, காதைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து.

15 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. வயரில் போய்வர அரை ஓம் தடை, 2.5-ல் 0.2 ஓம். 2.5 போட்டோம். எச்.டி.எம்.ஐ. முனை நுழைய முக்கால் அங்குல பைப் பத்தாது, ஒன்றரை அங்குலம் வேண்டும். இதை பூச்சுக்குப் பிறகு உணர்ந்து சுவரை உடைத்தவன் நான்.

கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் அது கதவுப் பரப்பில் முக்கால் சதவீதம்கூட இல்லை. ஆனால் எவ்வளவு கனமான கதவாக இருந்தாலும் தடுப்பு 22 டெசிபலைத் தாண்டாது. ரப்பர் பட்டை அவசியம். நம்ம பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் இடுக்கில் ஊதுவதை நிறுத்தவும் அதே பட்டைதான்.

முடிவு

பலகைக்கு முன் பலூன் உடைத்து அளந்தது 2.2 நொடி. பின் 0.45. ரிசீவரில் சென்டரை 3 டெசிபல் கூட்டி, சத்த வித்தியாசத்தைச் சுருக்கும் இரவு முறையை வைத்தேன். ஆனால் இந்த வரிசையே தப்பு என்று இப்போது சொல்வேன். முதலில் போக வேண்டிய இடம் காது டாக்டர், ஆடியோகிராம், காதுக்கருவி. நான் அதை நாலாவது மாசம்தான் செய்தேன். அறை காதுக்கருவிக்குப் பதில் ஆகாது. ஆனால் எதிரொலிக்கும் அறையில் காதுக்கருவியும் திணறும், ஏனென்றால் அது எதிரொலியையும் சேர்த்தே பெரிசாக்குகிறது.

இப்போது அப்பா உட்காரும் இடத்தில் அளந்தால் முன்பைவிட 11 டெசிபல் குறைவாக வைத்துப் பார்க்கிறார். ஒருத்தர் பேசினால் பெரும்பாலும் புரிகிறது. ரெண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இன்னமும் என் முகத்தைப் பார்க்கிறார். அதற்குத்தான் சுவரோரம் அறையைச் சுற்றி ஒரு வயர் வளையம் போட்டிருக்கிறேன். டெலிகாயில் உள்ள காதுக்கருவி அந்த வளையத்தின் காந்தப்புலத்திலிருந்து வசனத்தை நேராக எடுத்துக்கொள்ளும், அறையே நடுவில் வராது. வளையத்துக்கான ஆம்ப்ளிஃபயர் இன்னும் வாங்கவில்லை, பொங்கலுக்குள் வாங்கணும்.

போன ஞாயிறு "பராசக்தி" போட்டோம். கோர்ட்டுக் காட்சியில் அப்பா உதடு அசைந்துகொண்டே இருந்தது. கேட்டுச் சொல்கிறாரா, மனப்பாடத்தில் சொல்கிறாரா என்று என் மைக்கால் அளக்க முடியவில்லை. படம் முடிந்ததும், "நாளைக்கு நாம் பாக்காத படம் ஒண்ணு போடு கண்ணு" என்றார்.