செவ்வாய்க்குப் போன கதை

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ‘அண்டம்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு மாணவி அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். கதை! வாடிப்பட்டிப் பெண் ஒருத்தி செவ்வாய்க் கோளில் உள்ள குடியிருப்புக்கு வேலைக்குப் போகிறாள். அவளை நேசிக்கும் பையன் ஊரில் இருக்கிறான். தினமும் இரவு இருவரும் செல்பேசியில் பேசிக்கொள்கிறார்கள்.

‘காதல்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் நோட்டை என் மேசையில் வைத்துக்கொண்டேன். “பாடத்தைக் கவனி” என்றேன். வகுப்பு சிரித்தது. அன்று முழுவதும் அவள் தலை நிமிரவில்லை.

மாலையில் அந்த நான்கு பக்கங்களையும் படித்தேன். செவ்வாயின் செம்மண், மெல்லிய காற்று, அதன் இரண்டு நிலவுகள் எல்லாம் சரியாக இருந்தன. பாடத்தை அவள் கவனித்துத்தான் இருக்கிறாள். கவனிக்காதது நான். மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, வருத்தம் தெரிவித்தேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்டேன்: “பையன் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டால், அது செவ்வாய்க்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?”

காத்திருப்பின் கணக்கு

ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் செல்கிறது. நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போது தொலைவு சுமார் 5.5 கோடி கி.மீ. வகுத்தால் 183 நொடி, அதாவது மூன்று நிமிடம். மிகத் தொலைவில் இருக்கும்போது சுமார் 40 கோடி கி.மீ.; ஏறத்தாழ 22 நிமிடம். ‘சாப்பிட்டேன்’ என்ற பதில் திரும்பி வர அதே அளவு நேரம். ஒரு கேள்வி, ஒரு பதிலுக்கு 44 நிமிடம்!

அவள் கணக்குப் போட்டாள். பிறகு கதையைத் திருத்தினாள். செல்பேசி உரையாடல் போய், குரல் பதிவுகள் வந்தன. பையன் பேசி அனுப்பிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சாணி அள்ளி முடித்து வந்து பதிலைக் கேட்கிறான். கதை முன்பைவிட நன்றாகிவிட்டது. ஒளியின் வேகம் அந்த வகுப்பில் யாருக்கும் மறக்காது.

1963இன் ஒரு திரைப்படம்

இப்படிப்பட்ட கதை நமக்குப் புதிதல்ல. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து, ஏ.காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ 1963இல் வெளிவந்தது. தங்கள் உலகத்தில் இசையை வளர்க்க விரும்பும் வேற்றுக்கிரகவாசிகள் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கடத்திச் செல்கிறார்கள். அவளை நேசிக்கும் நாயகன் அந்தக் கிரகத்துக்கே போய் மீட்கிறான். விண்வெளி, சாகசம், காதல் மூன்றும் அதில் உண்டு. ககாரின் விண்வெளிக்குச் சென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் ஏவப்பட்டதும் அதே 1963, நவம்பர் 21ஆம் நாள். நிலவில் மனிதன் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லி, மூன்று கேள்விகள் கேட்டேன்.

1. கடத்திச் சென்ற இடத்தில் காற்றே இல்லாவிட்டால் பாட்டு கேட்குமா? இதை நம் ஊருக்கு மாற்றினேன்: வாடிப்பட்டி மேளத்தை நிலவில் அடித்தால்? “தோல் அதிரும் சார், சத்தம் வராது” என்றான் மேளக்காரர் வீட்டுப் பையன். ஒலி பரவ ஊடகம் தேவை என்ற பாடம் அங்கேயே முடிந்தது.

2. பூமியில் 48 கிலோ காட்டும் வில் தராசு நிலவில் எவ்வளவு காட்டும்? ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால் 8 கிலோ. ஆனால் நிறை மாறாது. நிறை, எடை குழப்பம் தீர இதைவிட எளிய வழி எனக்குக் கிடைத்ததில்லை.

3. நாயகன் எத்தனை நாளில் போய்ச் சேர்வான்? மங்கள்யான் 2013 நவம்பர் 5இல் கிளம்பி, 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. பத்து மாதத்துக்கு மேல். அத்தனை நாளுக்கும் உணவு, நீர், காற்று வேண்டுமே? மாணவர்களே பட்டியல் போட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை

அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளை ஒதுக்கலாம். ஒரு பக்கக் கதை போதும். ஒரே விதி: கதையில் குறைந்தது இரண்டு அறிவியல் உண்மைகள் கணக்கோடு வர வேண்டும். கற்பனைக்குத் தடை இல்லை. எது உண்மை, எது கற்பனை என்று அடியில் எழுதச் சொல்ல வேண்டும். தொடக்க வகுப்புகளில் இதையே படமாக வரையச் சொல்லலாம்.

கதையில் காதல் வந்தால் என்ன செய்வது? பதின்வயதில் அது வரத்தான் செய்யும். கேலி வேண்டாம். எழுதியவரின் அனுமதியின்றி உரக்கப் படிக்க வேண்டாம். உண்மைப் பெயர்கள் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம். ஒருவர் விருப்பத்தை மற்றவர் மதிக்கிறாரா என்று கேட்கலாம். கடத்திச் செல்லப்பட்ட பாடகியின் கதையிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. சென்ற வாரம் நோட்டை அவளே என்னிடம் நீட்டினாள். கதை இப்போது வியாழனின் நிலவு வரை போயிருக்கிறது. “தூரம் சரியா இருக்கான்னு பாருங்க சார்” என்றாள்.