15 வயதாகும் டீசல் செடான்கள்: கல்வராயன் மலைக்கு இன்னும் நம்பி ஏறலாமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், அங்கிருந்து கோமுகி அணை, அதைத் தாண்டினால் வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதை. இந்த ரோட்டில் பஸ், பிக்கப் வேன், பைக் இவற்றுக்கு நடுவே கடகடவென்ற சத்தத்தோடு ஏறி வரும் ஒரு பழைய டிசையரையோ எட்டியோஸையோ பார்க்காமல் திரும்புவது கஷ்டம். பின்சீட்டில் நாலு பேர், மடியில் ஒரு குழந்தை, டிக்கியில் மூட்டை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதே வண்டி, அதே வேலை.

இப்போது சிக்கல் என்னவென்றால், இந்த வண்டிகளுக்கு ஒவ்வொன்றாக 15 வயது ஆகிக்கொண்டிருக்கிறது. விற்றுவிட்டு அதே மாதிரி ஒரு புது டீசல் செடான் வாங்கலாம் என்றால், ஷோரூமில் அப்படி ஒரு வண்டியே இல்லை. விற்பதா, வைத்துக்கொள்வதா? வைத்துக்கொண்டால் மலையில் ராத்திரி நேரத்தில் கைவிடாமல் இருக்குமா?

ஏன் எல்லோரும் டீசல் வாங்கினார்கள்?

முதல் காரணம் காசு. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ₹25-க்கு மேல் வித்தியாசம் இருந்தது. டீசல் விலையை அரசு அப்போது கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு போனது. அண்மை ஆண்டுகளில் சென்னையில் இந்த வித்தியாசம் ₹8 அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆக, அன்று போட்ட கணக்கு இன்று அப்படியே செல்லாது.

இரண்டாவது காரணம் மலை. அந்தக் கணக்கு இன்னும் செல்லும். 2008 மார்ச்சில் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையரையே எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் மாடலின் குதிரைத்திறன் 87, டீசலுக்கு 75 தான். ஆனால் இழுவைத் திறனைப் பாருங்கள்: பெட்ரோலுக்கு 113 நியூட்டன் மீட்டர், டீசலுக்கு 190. அதுவும் பெட்ரோல் இன்ஜின் 4,500 சுற்றில் தருவதை டீசல் 2,000 சுற்றிலேயே தாண்டிவிடும். ஐந்து பேரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது வேலைக்கு வருவது இந்த இழுவைதான்.

டிசையரில் இருந்தது மாருதி சொந்தமாக வடிவமைத்த இன்ஜின் இல்லை. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தின் 1,248 சிசி மல்டிஜெட். இதே இன்ஜின் டாடா இண்டிகோ மான்ஸா, ஃபியட் லீனியா, மாருதி சியாஸ் என்று பல கார்களில் ஓடியது. ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்று கார் பிரியர்கள் செல்லமாகச் சொல்வது இதைத்தான். டொயோட்டா எட்டியோஸில் இருந்தது 1,364 சிசி இன்ஜின், 170 நியூட்டன் மீட்டர். வாடகை வண்டி ஓட்டியவர்களில் பாதிப் பேர் முதல் கட்சி, மீதிப் பேர் இரண்டாவது கட்சி. அந்தச் சண்டை இப்போதைக்குத் தீராது.

கொண்டை ஊசி வளைவில் ஏன் திடீரென்று மூச்சு வாங்குகிறது?

புதிதாக இந்த வண்டியில் மலை ஏறுபவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். வளைவில் வேகத்தைக் குறைத்துத் திரும்புவீர்கள். பெடலை மிதித்தால் வண்டி நகரவே யோசிக்கும். இன்னும் அழுத்தினால் சட்டென்று பாயும். பலரும் இதை ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கிடம் போகிறார்கள். இது ரிப்பேர் இல்லை, இந்த இன்ஜினின் குணமே இதுதான்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் ஒரு சின்னச் சக்கரம். 2,000 சுற்றுக்குக் கீழே புகை குறைவு, அதனால் டர்போ சரியாகச் சுழலாது. அது சுழலத் தொடங்கும் வரை உங்களிடம் இருப்பது வெறும் 1.3 லிட்டர் இன்ஜின்தான். மூன்றாவது கியரிலேயே வளைவுக்குள் நுழைந்தால் நடுவளைவில் மாட்டிக்கொள்வீர்கள். பின்னால் பஸ் வந்தால் நிலைமை இன்னும் மோசம். திரும்புவதற்கு முன்பே இரண்டாவது கியர், ரொம்பச் செங்குத்து என்றால் முதல் கியர். முள் 2,000-க்கு மேலே இருக்கட்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் பாதிக் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இன்ஜினைக் கத்தவிட்டு ஏற்றுவார்கள். அடுத்த வளைவில் கருகிய வாடை வரும். கிளட்ச் தட்டு தேய்கிற வாடை அது. மேட்டில் நின்று கிளம்பும்போது ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் கடிக்கும் இடம் வந்ததும் விடுங்கள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்து, லைசென்ஸ் கையில் வந்த மறுநாளே எல்லோரும் மறந்துவிடும் பாடம் இது.

இன்னொரு பழக்கம்: மேலே போய்ச் சேர்ந்ததும் டக்கென்று சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. ஏறி வந்த டர்போ கடும் சூட்டில் இருக்கும். இன்ஜின் நின்றால் அதற்குப் போகும் ஆயிலும் நின்றுவிடும், உள்ளேயே கருகும். ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து

டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் போட்டு இறக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இதில் ஒரு சொட்டுக்கூட மிச்சமாகாது. இந்த வண்டிகளில் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் கம்ப்யூட்டர் டீசலை அறவே நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க டீசலை ஊற்ற வேண்டும்.

அதைவிட முக்கியம் பிரேக். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, பிடிமானம் குறைந்துகொண்டே வரும். சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவார்கள். அது தற்கொலைக்குச் சமம். பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க வைக்கும் வெற்றிடப் பம்ப், டீசல் காரில் இன்ஜினோடு சேர்ந்துதான் சுழல்கிறது. இன்ஜின் நின்றபின் ஓரிரு முறை மிதித்தால் மிச்சமிருக்கும் உதவியும் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

டீசல் வண்டிக்கு இன்ஜின் பிரேக் தானாகவே அதிகம் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்ததும் காற்று வழி மூடிக்கொள்ளும், அந்தத் திணறலில் வண்டி மெதுவாகும். டீசலில் பெரும்பாலும் அப்படி மூடாது. அதனால் கீழ் கியரைத்தான் நம்ப வேண்டும். ஏறும்போது இரண்டாவது கியர் தேவைப்பட்ட இடத்தில் இறங்கும்போதும் இரண்டாவது கியர். வெள்ளிமலை அரசு பஸ் டிரைவர்களைப் பார்த்தாலே இது புரியும்.

காலையில் கத்துவதும், ஆயில் கறுப்பதும்

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினேழு மடங்குக்கு மேல் அழுத்தினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அந்தக் கடகட சத்தம் அதனால்தான். மார்கழிக் காலையில் இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் மலை ஊர்களில் சத்தம் இன்னும் கூடும். சாவியைப் போட்டதும் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே சூடேற்றும் குச்சிகள் வேலை செய்கிற நேரம் அது.

ஆயில் மாற்றி ஒரு வாரத்தில் கறுத்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். டீசலில் கரி உண்டாகும், அதை வாரி வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. ஆனால் மாற்றும் தேதியைத் தள்ளிப்போட்டால் வம்பு. 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலோ அது. மல்டிஜெட்டில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பதால் ‘ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சொல்லி விற்பார்கள். பழைய ஆயிலிலேயே ஓட்டினால் அந்தச் செயினும் நீண்டு தொங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் சங்கிலி உரசும் சத்தம் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். செயின் நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், செலவு வண்டியின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

டேங்கைச் சுத்தமாகக் காய விடுவதும் கூடாது. பெட்ரோல் வண்டி என்றால் ஊற்றியதும் கிளம்பிவிடும். டீசலில் குழாயில் காற்று புகுந்துவிட்டால், பம்ப் அடித்து அதை வெளியேற்றும் வரை ஸ்டார்ட் ஆகாது. மலைக்குப் போகிறவர்கள் கீழேயே டேங்கை நிரப்பிக்கொள்வது நல்லது. பங்கில் ஆள் தவறிப்போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். அங்கேயே தள்ளி ஓரங்கட்டி, டேங்கைக் காலி செய்தால் சில ஆயிரங்களில் முடியும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகும். டீசல்தான் அவற்றுக்கு வழவழப்பே.

டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிக்கவும் வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

புகை என்ன சொல்கிறது?

கறுப்புப் புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். மண் ரோட்டில் ஓடும் வண்டியில் அது சீக்கிரம் அடைக்கும். கறுப்புப் புகையோடு ‘உஸ்ஸ்’ என்று சத்தமும், இழுவை செத்துப்போனதும் சேர்ந்து வந்தால் டர்போவின் ரப்பர் குழாய் கழன்றிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், சரிசெய்ய எளிது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள், மூடியைச் சூட்டில் திறக்காமல். நீலப் புகை ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

அந்த நீலப் புகையை அலட்சியம் செய்யாதீர்கள். டர்போவின் சீல் முழுதாகப் போய்விட்டால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் உச்ச வேகத்தில் கத்தும். அரிதுதான். நடந்தால் நிறுத்தி பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து அணைக்க வேண்டும்.

புது டீசல் செடான் ஏன் இல்லை?

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. சின்ன டீசல் இன்ஜின்களை அந்த அளவுக்குச் சுத்தமாக்கச் செலவு அதிகம் என்று மாருதி 2019-லேயே விலகுவதாக அறிவித்தது. எட்டியோஸும் 2020-ல் நின்றது. 2023-ல் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா ஆகியவற்றிலும் டீசல் போய்விட்டது.

இடைப்பட்ட காலத்து பி.எஸ். 6 டீசல் செடான்கள் பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கின்றன. வாங்கும் முன் ஒன்றை யோசியுங்கள். அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரி சூட்டில் எரிக்கும். அதற்குத் தொடர்ந்து நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் வாராவாரம் போகிறவருக்குத் தொந்தரவே இல்லை. வீட்டிலிருந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு என்று ஓட்டினால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பி.எஸ். 4 டிசையர்களில் பெரும்பாலும் இந்தத் தலைவலி கிடையாது. அவை நம் காற்றில் விடும் கரி அதிகம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

15 வருஷம் ஆனால் ஓட்டக் கூடாதா?

ஓட்டலாம். ‘டீசலுக்கு 10 வருஷம்தான்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது டெல்லி சுற்றுவட்டாரத்துக்கான கதை. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயமும், 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பகுதிக்காகப் போட்ட உத்தரவு அது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இங்கே இதைக் காரணம் காட்டி யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் விற்றுவிடாதீர்கள்.

சொந்த உபயோக காருக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அது முடிவதற்கு 60 நாளுக்குள் விண்ணப்பித்து, வண்டியை ஆர்.டி.ஓ. சோதனைக்குக் காட்டினால் மேலும் 5 வருஷம் கிடைக்கும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் ₹600-லிருந்து ₹5,000 ஆனது. தாமதித்தால் மாதத்துக்கு ₹500 கூடும். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட்டில் ₹10,000 என்று உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. மஞ்சள் போர்டு வண்டிக்குக் கணக்கு வேறு: 8 வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி.

கல்வராயன் மலையில் இதெல்லாம் வெறும் செலவுக் கணக்காக முடிவதில்லை. 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலை மக்களின் நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது சாலை வசதியும் பேசுபொருளானது. பஸ் போகாத நேரத்தில் பிரசவ வலி வந்தால், யார் வீட்டில் கார் நிற்கிறதோ அந்த வாசலுக்குத்தான் ஓடுவார்கள். அந்த வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

ஆகவே விற்பதா வேண்டாமா என்பதை வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவைத்து, காலையில் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவரும் இதையேதான் செய்ய வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பலாம். குளிர்ந்த இன்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, செயின் சத்தம் வருகிறதா, முதல் ஒரு நிமிஷம் என்ன நிறப் புகை என்று பார்த்துவிட்டு, அப்படியே கச்சிராயபாளையம் வழியாக மலையில் நாலு வளைவு ஏற்றி இறக்கிப் பாருங்கள்.